கருணாம்பிகைக்கு நான்கு வரி

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் நான்கு வரி எழுதி தாரணிக்கு அனுப்ப வேண்டும். நான்கே வரி. நாலு வருஷம் ஒரு நாள் தவறாமல் ஆயிரத்து நானூற்று அறுபத்து மூன்று பதிவு எழுதிய ஆளுக்கு நான்கு வரி ஒரு பொருட்டா என்றுதான் காலையில் குளிக்கும்போது நினைத்தேன். இப்போது மணி பத்தேகால், பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது, அடுப்பில் சிறு தீயில் வைத்த குக்கர் இன்னும் ஒரு விசில்கூட விடவில்லை. மூன்று விசில் வந்ததும் அணைக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது, போன வாரம் மறந்து சோறு குழைந்து கஞ்சியாகி அதையே இரண்டு வேளை சாப்பிட்டேன். என் மகள் தாரணி ஈரோட்டிலிருந்து எட்டு மணிக்குக் கூப்பிட்டாள். அவள் தானாகக் கூப்பிட்டு மூன்று மாதம் இருக்கும், நான் கூப்பிட்டால் எடுப்பாள், சாப்பிட்டீங்களா என்பாள், மாத்திரை போட்டீங்களா என்பாள், வெக்கறேன் என்பாள். இன்று அவளாகவே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அம்மாவோட மொத வருச நினைவஞ்சலி போடறமுங்கப்பா. போட்டோ குடுத்தாச்சு. கீழ நாலு வரி கேக்கறாங்க. அவுங்ககிட்டயே ரெடியா ஒண்ணு இருக்குதாமா, 'உன் நினைவில் வாடும்'னு ஆரம்பிக்கும். அது வேண்டாமுங்க. நீங்க எழுதுங்க. பன்னெண்டுக்குள்ள குடுத்தரணும்." சரி கண்ணு என்றேன். சந்தோஷம் அவளுக்குத் தெரியக் கூடாது என்று இருமினேன். அவள் போனை வைக்கவில்லை. "அம்மாவப் பத்தி எழுதுங்கப்பா. தங்கமணியப் பத்தி வேண்டாம்" என்றாள்.

தங்கமணி என்பது என் மனைவியின் பெயரில்லை. யாருடைய மனைவியின் பெயரும் இல்லை. தமிழில் வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்த எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம், பொண்டாட்டியைப் பற்றி எழுதும்போது தங்கமணி என்று எழுதிவிடுவது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. சென்னையில் ஒரு தங்கமணி, துபாயில் ஒரு தங்கமணி, நியூஜெர்சியில் ஒரு தங்கமணி, எல்லாத் தங்கமணியும் ஒரே மாதிரி, இட்லி கல்லாக இருக்கும், பூரிக்கட்டை பறக்கும், சேலைக் கடைக்குப் போனால் ஐந்து மணி நேரம் ஆகும், காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழும். சிங்காநல்லூரில் என் தங்கமணி. 'குளத்துமேடு' என்பது என் வலைப்பதிவின் பெயர், தினம் காலை ஆறு மணிக்கு ஒரு பதிவு, ஆறு ஐந்துக்கு முதல் பின்னூட்டம். கருணா அடுக்களை வேலையை முடித்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். "ஏனுங்க, இன்னைக்கு என்னைய என்ன பண்ண வெச்சிருக்கறீங்க?" என்பாள். ஒவ்வொரு நாளும் இதே கேள்வி. படிப்பாள், சிரிப்பாள். சில நாள் சிரிக்க மாட்டாள். சிரிக்காத நாள் எத்தனை என்று நான் கவனிக்கவில்லை, அதற்குள் பின்னூட்டத்துக்குப் பதில் போட உட்கார்ந்திருப்பேன். சற்று முன்பு வலைப்பதிவின் தேடும் கட்டத்தில் அவள் பெயரை அடித்துப் பார்த்தேன். கருணாம்பிகை. அவிநாசி அம்மன் பெயர், அவளுடைய அப்பா அங்கே வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை. எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. எழுத்து ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று மறுபடி அடித்தேன். கருணா என்று மட்டும் அடித்தேன். எதுவும் கிடைக்கவில்லை. தங்கமணி என்று அடித்தேன், பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது, பாதியில் மூடிவிட்டேன்.

முதல் விசில். சரி, முதல் வரி. 'எங்கள் இல்லத்தின் ஒளிவிளக்கு.' சீ. இது பேப்பர்காரனே வைத்திருப்பான். 'நீ போன பிறகு இந்த வீட்டில் உப்பு சரியாக இருக்கிறது.' கடவுளே. பாருங்கள், இப்படித்தான் வருகிறது. கையை விசைப்பலகையில் வைத்தால் போதும், அது பாட்டுக்கு ஒரு நக்கலைக் கொண்டுவந்து வைக்கிறது. அவளைப் பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் எங்கே சிரிப்பு வர வேண்டுமோ அங்கே போய் நின்றுகொள்கிறது. முப்பத்தொரு வருஷம் ஒரு பம்புக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன் நான். ஷாஃப்ட் வரும், பேரிங் வரும், இம்பெல்லர் வரும், அளவு சரிபார்க்கும் கேஜை வைத்துப் பார்ப்பேன், உள்ளே போக வேண்டிய முனை போக வேண்டும், போகக் கூடாத முனை போகக் கூடாது. ஒரு நூல் தப்பினாலும் சிவப்பு மையைத் தடவி ஓரமாகத் தள்ளிவிடுவேன். நாச்சிமுத்து கையில் சிக்கினால் அவ்வளவுதான் என்று லேத்தில் நிற்கும் பசங்கள் திட்டுவார்கள். அந்த நாச்சிமுத்துதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அரை மணி நேரத்தில், வாய்க்கு வந்ததை அடித்து, மறுநாள் ஆறு மணிக்கு வெளியே விட்டேன். நாலு வருஷம். அங்கே நான் தள்ளிவிட்ட உருப்படி எதுவாவது இவ்வளவு மோசமாக இருந்ததா? ஏன் தினமும் எழுதினேன் என்று யாராவது கேட்டால் ஒரு காரணமும் சொல்ல முடியாது, பயம் என்றுதான் சொல்ல வேண்டும். திரட்டி என்று ஒரு தளம் இருந்தது, எல்லாருடைய புதுப் பதிவும் அதில் வரிசையாக வரும், புதிது வரவரப் பழையது கீழே போகும், அரை நாளில் காணாமல் போய்விடும். ஒரு நாள் எழுதவில்லை என்றால் நான் அங்கே இல்லை. இரண்டு நாள் எழுதவில்லை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தும் பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர்தான், இங்கே தினம் முந்நூறு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த முந்நூறு இருநூற்று ஐம்பது ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

ஊமைக்கோட்டான் என்று ஒருத்தர் இருந்தார், அது அவர் பதிவுப் பெயர், நிஜத்தில் உடுமலையில் ஹோமியோபதி மருத்துவர். இரண்டு மாதத்துக்கு ஒன்று எழுதுவார். எழுதினால் இரண்டு நாள் அதே நினைப்பாக இருக்கும். பீளமேட்டில் நடந்த பதிவர் சந்திப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்ககிட்ட கை இருக்குது. தினமும் போடாதீங்க. மாசம் ஒண்ணு போடுங்க. அடிச்சு வெச்சுட்டு ஒரு வாரம் கழிச்சு எடுத்துப் பாருங்க, உங்களுக்கே எது நிக்குது எது நிக்கலைன்னு தெரியும்" என்றார். உங்களுக்கு எத்தனை ஹிட்ஸ் வருகிறது டாக்டர் என்று கேட்டேன். சிரித்தார். வீட்டுக்கு வந்து அவரையே கிண்டல் செய்து ஒரு பதிவு போட்டேன், 'மாதம் ஒருமுறை மருந்து சாப்பிடும் பதிவர்'. நூற்றுப்பத்து பின்னூட்டம். ஆனால் அவர் சொன்னதைக் கருணாவிடம் சொன்னது தப்பு. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்காமல், "அவுரு சொல்றது சரிதானுங்களே. தெனமும் ஒண்ணுக்குப் பதிலா மாசத்துக்கு ஒண்ணு நல்லா எழுதுங்களே" என்றாள். அப்புறம், கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, அவளுக்கு வெட்கம் வந்தால் மூக்கு நுனியைத் தேய்ப்பாள், இல்லை, தேய்ப்பாளா? அது தங்கமணியா? சரி, இருக்கட்டும். "என்னையப் பத்தி நெசமா ஒண்ணு எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு. பேரு போட்டு" என்றாள். ஆயிரமாவது பதிவு உன்னைப் பற்றித்தான் என்றேன். அப்போது தொள்ளாயிரத்துப் பத்தோ என்னவோ ஆகியிருந்தது. மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட உட்காரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் மறுநாள் பதிவு இருந்தது. ஆயிரமாவது நாளைக்கு முந்தின ராத்திரி யாருக்கெல்லாம் நன்றி என்று ஒரு பட்டியல் அடித்தேன், நாற்பது பெயர், அதில் இவள் பெயர் இல்லை, 'கடைசியாக, பூரிக்கட்டையைக் கொஞ்ச நேரம் கீழே வைத்த தங்கமணிக்கு' என்று முடித்திருந்தேன். இருநூற்றுப் பதினாலு பின்னூட்டம். காலையில் அவள் பின்னால் வந்து நின்று முழுவதும் படித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆயிரம் ஆச்சல்லங்க என்று சொல்லி அன்றைக்குச் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம், பிழிந்தாள், தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி. நன்றாக இருந்தது. அவள் கைச் சந்தகை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், பஞ்சாக இருக்கும். ஆயிரத்து ஒன்றாவது பதிவுக்கு அன்றைக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லை. 'தங்கமணியின் சந்தகை: நூலா, கயிறா?' என்று எழுதினேன்.

இரண்டாவது விசில். மணி பத்து ஐம்பது. இல்லை, இது எழுதுவதற்கான வழி இல்லை, நேராகப் போக வேண்டும், அவள் முகத்தை நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். முகத்தை நினைத்தால் ஆஸ்பத்திரிதான் வருகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள், சாதாரண ஆபரேஷன், ஒரு வாரம் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு என்ன கவலை என்றால், இதைச் சொல்லவே நாக்கூசுகிறது, ஒரு வாரம் பதிவு நின்றுபோகுமே என்றுதான் கவலை. பதிவை எழுதி, நாளும் நேரமும் குறித்து வைத்துவிட்டால், அந்த நேரத்துக்கு அதுவே வெளியாகிவிடும், நாம் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஏழு பதிவு எழுதினேன். திங்கள் முதல் ஞாயிறு வரை, தினம் காலை ஆறு மணி. அவள் துணிப்பையில் சேலையும் துண்டும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "ஏழுமே எழுதீட்டீங்களா? கெட்டிக்காரர்தான்" என்றாள். திங்கள் ஆபரேஷன் ஆயிற்று. செவ்வாய் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். புதன் மத்தியானம் மூச்சு வாங்குகிறது என்றாள், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள், ஓடினார்கள், எல்லாரும் ஓடினார்கள், யார்மேலும் தப்பில்லை, நான்கு மணிக்கு முடிந்துவிட்டது. வியாழக்கிழமை விடிந்தபோது இதே கூடத்தில், நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து ஆறடி தள்ளி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பெட்டியின் மோட்டார் சத்தம் ஒரு சீராக இல்லை, பேரிங் போயிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நினைவிருக்கிறது. ஆறு மணிக்கு நாலாவது பதிவு வெளியானது. அதன் தலைப்பு, 'தங்கமணி இல்லாத வீடு: பத்து நன்மைகள்'.

ஒன்று, டிவி ரிமோட் நம் கையில். இரண்டு, ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடலாம். மூன்று, விடியற்காலை ஐந்து மணிக்கு அடுக்களையில் டங்கென்று டம்ளர் சத்தம் கேட்காது, ஆறரை வரை தூங்கலாம். நாலு, ஐந்து என்று போய்க்கொண்டே இருக்கும். பத்தாவது நன்மை, இந்தச் சுகமெல்லாம் ஒரே ஒரு வாரம்தான் என்று தெரிந்திருப்பது. கடைசி வரை படித்தவனுக்கு இவன் அவளைத் தேடுகிறான் என்று புரியும் என்று நினைத்துத்தான் எழுதினேன். யார் பத்தாவது வரை படிக்கிறார்கள். 'கொடுத்து வெச்சவர் சார் நீங்க.' 'எங்க வீட்டுக்கும் இந்த யோகம் எப்ப வரும்?' 'கொண்டாடுங்க!' என் வலைப்பதிவிலேயே மிக அதிகம் பேர் படித்தது அதுதான். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், தாரணி கண்ணாடிப் பெட்டிமேல் தலையை வைத்துக்கொண்டு கிடக்கிறாள், யாரோ அவளிடம் போனைக் காட்டினார்கள். எழுந்து என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. "அப்பா, இத எப்ப எழுதுனீங்க?" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை கண்ணு, நேரம் குறித்து வைத்தேன், அதுவாக வந்துவிட்டது என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான பதில் என்று தெரிந்தது. "அழிங்க" என்றாள். இத்தனை பேருக்கு நடுவில் இந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தேன், கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தேன், அந்தப் பதிவை மொத்தமாக அழித்தேன், வரவேண்டிய மற்ற மூன்றையும் அழித்தேன். மறுநாள் ஒரு வரி அறிவிப்பு போட்டேன். என்ன எழுதினார்கள் தெரியுமா, நல்லவர்கள்தான், மனசார எழுதினார்கள், 'தங்கமணியின் ஆத்மா சாந்தியடையட்டும்', 'இனி அந்தப் பூரிக்கட்டை இல்லை என்று நினைக்கவே முடியவில்லை'. முந்நூறு பேர் தங்கமணிக்கு அழுதார்கள். எங்கள் வீட்டில் பூரிக்கட்டையே கிடையாது. கருணாவுக்குப் பூரி சுட வராது, எண்ணெய் தெறித்தால் பயம், ஓட்டலில் வாங்கிக்கொள்ளலாம் என்பாள். இது உண்மை. இது நிச்சயம் உண்மைதான்.

மூன்றாவது விசில் வந்து எத்தனை நேரம் ஆயிற்று, நான்காவது இது, எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தேன். மணி பதினொன்று இருபது. அடுக்களையில் எல்லாம் அவள் வைத்த இடத்தில்தான் இருக்கிறது, உப்பு ஜாடி இடது பக்கம், அவளுக்கு இடது கைப் பழக்கம். இருந்ததா? தங்கமணி இடது கையால் அடிப்பாள், வலது கன்னம் வீங்கும் என்று ஒரு பதிவு எழுதினேன், அதற்காகத்தான் இடது கை வைத்தேனா, இல்லை அவளுக்கே இடது கையா? முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளின் கை எதென்று தெரியவில்லையே. ஜாடி இடது பக்கம் இருக்கிறது, ஆனால் அடுப்புக்கு வலது பக்கம் சுவர், வேறு எங்கேயும் வைக்க இடமில்லை. ஜாடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதுதான் இந்த ஒரு வருஷமாக என்னைத் தின்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. அவள் செத்துப்போனாள், அது எல்லாருக்கும் நடப்பது. ஆனால் நான் எதை எடுத்தாலும் அது பதிவாக வருகிறது. தொட்டபெட்டாவுக்குப் போனது நினைவு வருகிறது, நினைவுக்குத் தலைப்பு இருக்கிறது, அவள் சறுக்கி விழுந்தாள், விழுந்தவள் என்னையும் இழுத்தாள், டீக்கடைக்காரன் சிரித்தான். டீக்கடையே இருந்ததா? அவள் சறுக்கவே இல்லை என்று நினைக்கிறேன், காது வலிக்கிறது என்று மப்ளரைச் சுற்றிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். அதில் பதிவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் வண்டியிலிருந்து இறக்கிச் சறுக்கவிட்டேன். இப்போது கண்ணை மூடினால் சறுக்கியவள்தான் வருகிறாள், வண்டியில் உட்கார்ந்திருந்தவள் வரமாட்டேன் என்கிறாள். அந்த மப்ளர் என்ன நிறம்? எத்தனை முறை இந்த மாதிரி செய்தேன். தினம் ஒன்று. தினம் அவளை ஒரு பிடி எடுத்து, அங்கே இங்கே வளைத்து, ஆறு மணிக்கு விற்றுவிட்டு, மீதியைத் தூக்கிப்போட்டேன். மீதிதான் அவள். மாதம் ஒன்று எழுதியிருந்தால் மாதத்துக்கு ஒரு நினைவைத்தான் கெடுத்திருப்பேன். ஒன்றே ஒன்று பேர் போட்டு எழுதியிருந்தால் இன்றைக்கு எடுத்துப் பார்க்க அது ஒன்றாவது இருக்கும்.

குரலாவது நிஜம். "ஏனுங்க, இன்னைக்கு என்னைய என்ன பண்ண வெச்சிருக்கறீங்க?" இதை நான் எழுதியதே இல்லை, எழுதினால் குட்டு உடைந்துவிடும். ஆனால் இதைப் பேப்பரில் எப்படிப் போடுவது. வேறு. பக்கத்து வீட்டுக் கிரைண்டர் ஓடுகிறது, கரண்ட் போவதற்குள் அவர்களுக்கும் மாவு ஆக வேண்டும், அவசரம். வேறு ஏதாவது, சின்னதாக, யாரையும் சிரிக்க வைக்காததாக. மழை. ஆமாம். மழை. இது எப்படி மறந்தது? நான் இரண்டாவது ஷிப்ட் முடித்து பஸ்ஸில் வந்து இறங்குகிறேன், நல்ல மழை, சிங்காநல்லூர் நிறுத்தத்தில் நிழற்குடை இல்லாத காலம், புளிய மரத்தடியில் கருணா நிற்கிறாள். கையில் குடை இருக்கிறது, மடக்கியபடி இருக்கிறது, அவள் முழுக்க நனைந்திருக்கிறாள். குடையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானே என்று கேட்டேன். "உங்களுக்குன்னு கொண்டாந்தனுங்க. நனைஞ்ச குடையக் குடுத்தா உங்க சட்டையும் ஈரமாயிரும்" என்றாள். நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்குக்கு வந்திருந்தது. இதுதான் அவள். கேஜை வைத்துப் பார்த்தேன், உண்மையாகவே வைத்துப் பார்த்தேன். இதில் கிண்டல் இருக்கிறதா, இல்லை. அவளை மட்டம் தட்டுகிறதா, இல்லை. பஸ் எண் நினைவிருக்கிறது, மரம் நினைவிருக்கிறது, குங்குமம் நினைவிருக்கிறது. போக வேண்டிய முனை போகிறது, போகக் கூடாத முனை நிற்கிறது. இந்தக் கருணா இத்தனை நாள் எனக்குள்தான் இருந்திருக்கிறாள், அந்த ஆயிரத்து நானூற்று அறுபத்து மூன்றுக்கும் அகப்படாமல். அழுதுகொண்டே அடித்தேன்.

'மழையில் எனக்காகக் குடை கொண்டுவந்தாய்
நனையாத குடையைத் தர நீ நனைந்து நின்றாய்
இன்று குடை இருக்கிறது
நீ இல்லாத மழையில் நான் நிற்கிறேன், கருணாம்பிகை.'

நான்கு வரி. மணி பதினொன்று ஐம்பத்தைந்து. தேடுவதற்கு இல்லாமல், எழுதுவதற்கென்று அவள் பெயரை முதல் முதலாக அடிக்கிறேன், ம்-க்கும் பி-க்கும் விரல் தேடியது. தாரணிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, படிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, பொறுக்காமல் நானே போனில் கூப்பிட்டேன். வந்துதா கண்ணு? வந்துதுங்கப்பா என்றாள். படித்தாயா? "ம்." அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இந்த வயசில் ஒரு நல்ல வரி எழுதிவிட்டேன் என்று ஒரு பெருமை. கரண்ட் போயிற்று. மின்விசிறி மெதுவாகி நின்றது, யுபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது, பக்கத்து வீட்டுக் கிரைண்டரும் நின்றது.

"அப்பா" என்றாள் தாரணி. "இது நீங்க பதிவுல எழுதுனதுங்க."

இல்லை கண்ணு, இது எழுதவே இல்லை, நான் சத்தியமாக...

"எழுதியிருக்கறீங்கப்பா. நான் காலேஜ்ல கடைசி வருசம் படிக்கறப்ப. ஒரே ஒருக்கா உருக்கமா ஒண்ணு எழுதுனீங்க, தங்கமணியும் குடையும்னு. எல்லாரும் அழுதுட்டம்னு கமெண்ட் போட்டாங்க. அம்மா ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி எங்கிட்டச் சொன்னாங்க." அவள் குரல் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "'நான் பஸ் ஸ்டாப்பு பக்கமே போனதில்ல சாமி, உங்கப்பா நான் மழையில நனைஞ்சு நின்னேன்னு எழுதியிருக்கறாரு, படிச்சா நல்லாத்தான் இருக்குது, நின்னிருக்கலாம் போல இருக்குது'ன்னாங்க."

யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. திரையில் நான்கு வரியும் இருந்தன, பிறகு திரை கறுத்தது. புளிய மரம் இன்னும் எனக்குத் தெரிகிறது, அதுதான் கொடுமை, மரமும் குங்குமமும் தெளிவாகத் தெரிகின்றன, கருணா அதன் கீழே நனைந்துகொண்டு நிற்கிறாள். எவளோ. நின்றிருக்கலாம் போல இருக்கிறது என்று சொன்னவளை நினைத்தேன். எனக்கு வேண்டியவள் அவள்தான். அவள் அதை என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லியிருந்தால் அதையும் மறுநாள் பதிவாகப் போட்டிருப்பேன்.

பேர மட்டும் போட்டுரு கண்ணு என்றேன். முழுப் பேரு. வேற ஒண்ணும் வேண்டாம்.

"சரிங்கப்பா" என்றாள். வைப்பாள் என்று பார்த்தேன், வைக்கவில்லை. ஈரோட்டில் அவள் வீட்டு வாசலில் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன். அம்மா எப்படி இருந்தா கண்ணு? எனக்குத் தெரியல. நீ சொல்லு.

"என்னத்தச் சொல்றதுங்க" என்றாள். "சும்மா இருப்பாங்க. காப்பி ஒத்துக்காது அவுங்களுக்கு. காத்தால அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஒரு டம்ளர் சுடுதண்ணி வெப்பாங்க. பொறவாசல்ல நின்னு குடிப்பாங்க. டம்ளர் சுடும், சீலைத் தலைப்புல புடிச்சுக்குவாங்க. அப்ப யார்கூடவும் பேச மாட்டாங்க. நானே கூப்பிட்டாலும் இரு சாமின்னுட்டு இருட்டையே பாத்துட்டு இருப்பாங்க. குடிச்சு முடிச்சு டம்ளரக் கழுவி டங்குன்னு மேடையில கவுத்தி வெப்பாங்க. நான் பரீட்சைக்குப் படிக்கறப்ப அந்தச் சத்தத்துக்குத்தான் எந்திரிப்பேன். இதுல எழுதறதுக்கு என்ன இருக்குது சொல்லுங்க."

எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டங்கென்று, கடப்பைக் கல் மேடையில், ஈர டம்ளர். எந்தப் பதிவிலிருந்தும் வரவில்லை, நேராகக் காதுக்குள் வந்தது. தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நான் புரண்டு படுப்பதும் தெரிந்தது. தலையணைக்கு அந்தப் பக்கம் அவள் நடந்து போகிற காலடி. இது நடந்தது. தினமும் நடந்தது, முப்பது வருஷம்.

"அத நான் எழுதியிருக்கறேன் கண்ணு" என்றேன்.

"எதுலீங்கப்பா? நான் எல்லாமே படிச்சிருக்கறனே."

"அன்னைக்கு அழிச்சமே, அதுல" என்றேன். "மூணாவது நன்மை."